மூன்றாம் கட்டிலுக்கு வரும் வெயில்

2006 பிப்ரவரி எட்டாம் தேதி, புதன்கிழமை. சைட்டிலிருந்து பஸ் வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பாதிப் பேர் குளியலறை வரிசையில் நின்றார்கள். கேம்ப் பொறுப்பாளர், மலையாளி முகம்மது சித்தீக் இரண்டு செக்யூரிட்டிகளோடு எங்கள் பதினான்காம் அறைக்குள் வந்தார்.

வளைகுடாவில், எங்கள் முசஃபா தொழிலாளர் கேம்பில் சோதனை எப்படி நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். வாசல் பக்கத்துக் கட்டிலில் தொடங்குவார்கள். தலையணையைத் தூக்குவார்கள், பெட்டியைத் திற என்பார்கள். அதற்குள் கடைசிக் கட்டில்காரன் ஒளிக்க வேண்டியதை ஒளித்துவிடுவான். அன்று அப்படி நடக்கவில்லை. மூன்று பேரும் நேராக மூன்றாம் கட்டிலுக்குப் போனார்கள். ஒருவன் குனிந்தான். நீலப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டான். கரண்ட் அடுப்பு வெளியே வந்தது.

அந்த அடுப்பு சோலைமுத்துவுடையது. ஆனால் அதில் வைத்த ரசத்தைப் பன்னிரண்டு பேரும் குடித்திருக்கிறோம். மெஸ் சாப்பாட்டைத் தின்று வயிறு கெட்டவனுக்கெல்லாம் அதில்தான் கஞ்சி. அறையில் சமைக்கக் கூடாது, தீப்பிடிக்கும் என்று சட்டம். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்னொன்று வந்தால் விசா கேன்சல்.

சோலைமுத்து கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், கம்பி கட்டுகிற வேலை, அறையில் எல்லாருக்கும் மூத்தவர். கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தேடுனானாடா அவன்? சொல்லுங்க. தேடுனானா, எடுத்துக்கிட்டுப் போனானா?"

 பதில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது: எங்களில் எவனோ காட்டிக்கொடுத்திருக்கிறான்.

மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பெயர் வந்துவிட்டது: மணிகண்டன். வெல்டர், அரியலூர்க்காரன், அறைக்கு வந்து பத்து மாதம். அதிகம் பேசமாட்டான். ஓவர்டைம் முடிந்து ஏழரைக்குத்தான் அறைக்கு வருவான். புதன்கிழமை சோதனை நடந்தபோது அவன் மட்டும் கேம்பில் இல்லை. அதுவும் அவன் கணக்கில் ஏறிவிட்டது.

அதைவிடப் பெரிய காரணம் அவனுடைய கேமரா. பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய ஃபிலிம் கேமரா, முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். விடுமுறையான வெள்ளிக்கிழமை காலையில் மற்றவன் எல்லாம் போர்வைக்குள் கிடப்பான். இவன் அதைத் தூக்கிக்கொண்டு கிழக்கு மதில் ஓரம் போய் உட்காருவான். கேட்டால் குருவி என்பான்.

"குருவியாம் குருவி," என்றான் விஜயபாஸ்கர். எலக்ட்ரீஷியன், தஞ்சாவூர்க்காரன், வாய்தான் அவனுக்கு முதல் கருவி. "ஏன்ணே, நம்ம கல்யாணத்துல, காதுகுத்துல எல்லாம் போட்டோ எடுக்கிறான்ல, ஃப்ளாஷ் அடிக்காம எவனாச்சும் எடுத்துப் பாத்திருக்கீங்களா? பளிச்சுனு அடிக்கும், நாமளும் சிரிப்போம். இவன்கிட்ட ஃப்ளாஷே இல்ல. போன வாரம் நானே கேட்டேன். வேணாம்னு கழட்டி வச்சிட்டானாம்."

"அதுக்கு?"

"ஃப்ளாஷ் இல்லாம எடுக்கிறவன் எதுக்கு எடுப்பான்? எடுத்தது யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான எடுப்பான்?"

 அந்தப் பேச்சு எனக்கும் சரியாகவே பட்டது. அதை மறைத்துப் பயனில்லை. ஊரில் எங்கள் வீட்டில் இருக்கும் எந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டாலும் பின்சுவரில் ஒரு கறுப்பு நிழலும் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளியும் இருக்கும். ஃப்ளாஷ் அடித்த அடையாளம் அது. அது இல்லாத படம் நேர்மையான படம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

"கோபாலசாமி, நீ எழுது," என்றார் சோலைமுத்து.

நான் சைட்டில் டைம்கீப்பர். லீவ் விண்ணப்பமும் புகார் மனுவும் கேம்பில் என்னிடம்தான் வரும். எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழய்யா கற்றுக்கொடுத்த முறையில்தான் இன்றைக்கும் எழுதுவேன். இடது பக்கம் அனுப்புநர், அதற்குக் கீழே பெறுநர், நடுவில் பொருள், பிறகு ஐயா. கீழே ஆங்கிலத்திலும் ஒரு படி. எழுதி முடித்தால் ஒரு வார்த்தையை உருவ முடியாது என்று பெயர்.

என்ன எழுத வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். இவனை இந்த அறையிலிருந்து மாற்றுங்கள் என்று பதினொரு கையெழுத்து. வேறு அறையில் யார் ஏற்றுக்கொள்வார்கள்? அடுத்த மாதம் அவனுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கும் தேதி. பெயரில் புகார் இருந்தால் கம்பெனி யோசிக்காது. மாஃபி ரெனியூவல், கலாஸ்: புதுப்பிப்பு இல்லை, முடிந்தது. டிக்கெட்டைக் கையில் கொடுத்து ஏற்றிவிடும். அவன் வீடு அரியலூரில் ஜன்னல் உயரத்தோடு நிற்கிறது என்பதும், மனைவி வடிவு மாமியார் வீட்டுத் தாழ்வாரத்தில் படுக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அவளுக்கு அவன் எழுதும் கடிதத்தின் உறையில் ஆங்கில முகவரி எழுதிக் கொடுப்பவன் நான்தான்.

"மனுன்னா ஆதாரம் வேணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவன் என்ன எடுக்கிறான்னு பார்த்துட்டு எழுதறேன்," என்றேன்.

பத்தாம் தேதி காலை ஏழு மணிக்கு நானும் கிழக்கு மதிலுக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி வழிந்து மண் நனைந்திருக்கும் இடம் அது. அங்கே ஆளுயரத்துக்கு ஒரு எருக்கஞ்செடி, நிறையப் பூ. மணிகண்டன் மதிலில் முதுகு சாய்த்து ஒரு பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்தான். நான் முதலில் பார்த்தது அவனை அல்ல. அவனுடைய கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை. எருக்கஞ்செடி, அதற்கு நேர் பின்னால் எங்கள் வரிசை அறைகளின் கதவுகள். பதினான்கு நடுவில்.

"வாங்கண்ணே, உட்காருங்க. ஆனா நிழல் செடி மேல விழாம உட்காருங்க."

"ஏன்ப்பா, அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து மதிலைப் பார்த்து எடுக்கக் கூடாதா? ரூமைப் பார்த்துத்தான் எடுக்கணுமா?"

நான் விசாரிக்க வந்திருக்கிறேன் என்று அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். செடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்படியே சொன்னான்.

"வெயில் என் முதுகுல விழணும்ணே. அப்பத்தான் குருவி நெஞ்சுல நேரா அடிக்கும். அந்தப் பக்கம் உட்கார்ந்தா குருவிக்குப் பின்னாடி வெயில். கரித்துண்டு மாதிரி இருக்கும்."

ஏழரைக்குச் சூரியன் மதிலுக்கு மேல் வந்தது. எருக்கம்பூவின் ஊதா விளிம்புகள் தெரிந்தன. தேன்சிட்டு ஒன்று வந்தது. என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது, வளைந்த மூக்கு, கறுப்பு. இதற்கா இந்தப் பாடு என்று நினைத்தேன். அது பூவில் மூக்கை விட்டுத் தலையைத் திருப்பியது. கழுத்து முழுவதும் பச்சையும் ஊதாவுமாகத் தீப்பிடித்த மாதிரி இருந்தது. மறுபடி தலையைத் திருப்பியது. கறுப்பு.

க்ளிக் என்று ஒரு சத்தம்.

"பாத்தீங்களா? அந்தக் கலர் இறகுல இல்லண்ணே. வெயில் எந்தக் கோணத்துல விழுதோ அதுல இருக்கு. ஃப்ளாஷ் அடிச்சா தகரத்துல டார்ச் அடிச்ச மாதிரி வெளுத்துப் போவும். நான் ரெண்டு ரோல் கெடுத்துட்டுத்தான் ஃப்ளாஷைக் கழட்டி வச்சேன்." சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். ஏதோ ஒரு ஆஃபீஸ் குப்பையில் கிடைத்த காலண்டர் தாள். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கும் பறவை. "இது ஹம்மிங்பேர்டாம். நம்ம ஊர்ப் பக்கம் கிடையாது, அமெரிக்காவுலதான். ஃப்ளாஷ் இல்லாம வெறும் வெயில்ல எடுத்ததுன்னு கீழ போட்டிருக்கு. நம்ம தேன்சிட்டும் சளைச்சதில்லைன்னு காட்டணும்ணே."

"யாருக்கு?"

அவன் பதிலுக்குத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

"எட்டு மணிக்கு மேல பிரயோஜனம் இல்ல. வெயில் தலைக்கு மேல ஏறிடும். இதே இடத்துல ரெண்டு மாசமா உட்கார்றேன். நிழலைப் பார்த்தே இப்ப மணி சொல்லிடுவேன்."

"எடுத்த படத்தைக் காட்டேன்."

"ரோல் முடியலண்ணே. இன்னும் பதினொண்ணு பாக்கி. முடிஞ்சாத்தான் கழுவக் கொடுக்க முடியும்."

திரும்பி வரும்போது அவன் சொன்னதில் பொய் எதையும் என்னால் பிடிக்க முடியவில்லை. ஆனால் உண்மை என்று காட்டவும் எதுவும் இல்லை. முகம் பார்க்காமல் பேசுகிறான், படம் காட்டமாட்டேன் என்கிறான், கேமரா எங்கள் கதவைப் பார்க்கிறது. அன்று மாலை மனுவை எழுதினேன். பொருள்: அறை எண் 14-இல் வசிக்கும் திரு. மணிகண்டனை இடம் மாற்றக் கோருதல். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதினொரு கையெழுத்தும் விழுந்துவிட்டது. முதலில் சோலைமுத்து, கடைசியில் நான்.

பதின்மூன்றாம் தேதி திங்கட்கிழமை. தினமும் இரண்டரை மணிக்கு சைட்டிலிருந்து கம்பெனி வேனில் கிளம்பி, ஃபோர்மேன் குறிப்பைப் பார்த்து மாலை நேரங்களை நிரப்பிய முந்தின நாள் வருகைப் பட்டியலைக் கேம்ப் ஆஃபீஸில் கொடுப்பது என் வேலை. மனுவையும் அதே ஃபைலில் வைத்திருந்தேன். சித்தீக் போனில் பேசிக்கொண்டிருந்தார். மேசையில் சோலைமுத்துவின் எச்சரிக்கைக் கடிதத்தின் படி கிடந்தது. அதன் மூலையில் ஒரு போட்டோ குத்தியிருந்தது.

எங்கள் அறை. மூன்றாம் கட்டிலின் கால், நீலப் பெட்டி, சுவரோரம் அடுப்பு. முதலில் நான் தேடியது நிழலை. பின்சுவரில் ஃப்ளாஷ் நிழல் இல்லை. அடுப்பின் தகட்டில் வெள்ளைப் புள்ளி இல்லை. ஃப்ளாஷ் இல்லாத படம். மனுவை எடுக்க ஃபைலைத் திறந்தேன். கை நின்றது.

ஃப்ளாஷ் இல்லை என்றால் எந்த வெளிச்சத்தில் எடுத்தது?

மறுபடி பார்த்தேன். தரையில் ஜன்னல் அகலத்துக்கு ஒரு வெயில் பட்டை. சாய்ந்து வந்து, மூன்றாம் கட்டிலின் காலைத் தொட்டு, பெட்டியின் பக்கம் ஏறி, அடுப்பின் விளிம்பில் முடிந்தது. எங்கள் அறைக்கு ஒரே ஜன்னல். அது மேற்கே பார்த்தது. மேலே தகரச் சாய்ப்பு வேறு. காலையில் அதன் வழியே வெயில் வர வழியே இல்லை. சூரியன் நன்றாக இறங்கினால்தான் வெயில் அவ்வளவு தூரம் உள்ளே வரும். மூன்று மணிக்கு மேல், நான்கு இருக்கலாம். படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி: 07/02/2006. செவ்வாய்க்கிழமை.

சித்தீக் போனை வைத்துவிட்டு நான் பார்ப்பதைப் பார்த்தார். படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"எந்தா கோபால்? அது ஹெட் ஆஃபீஸ் ஃபைல்."

"இதை எடுத்தது யாரு சார்?"

"சேஃப்டி ஆளு. மாஸ்டர் கீ வச்சு எல்லா ரூமும் பார்த்தாச்சு. இனி சோதிக்கல்லே." மேலே கேட்காதே என்று அர்த்தம். பிறகு கையை நீட்டினார். "வேற பேப்பர் உண்டோ?"

"இல்ல சார்," என்றேன். வருகைப் பட்டியலை மட்டும் கொடுத்தேன்.

வெளியே வந்து, வேன் நிழலில் நின்று, ஏழாம் தேதிப் பட்டியலின் என் படியை எடுத்துப் பார்த்தேன். மணிகண்டன்: காலை ஏழு முதல் மாலை ஏழு, ஓவர்டைமோடு. சோலைமுத்து: ஏழு முதல் ஐந்து. விஜயபாஸ்கர்: ஏழு முதல் ஐந்து. இப்படிப் பதினொரு பேர். அறை எண் பதினான்கைச் சேர்ந்த எவனும் நான்கு மணிக்குக் கேம்பில் இல்லை. மணிகண்டன் தப்பித்தான் என்று நினைத்தேன். அப்புறம்தான் பன்னிரண்டாவது பெயரைப் பார்த்தேன். கோபாலசாமி, சைட்டை விட்டது இரண்டு முப்பது.

என் கையெழுத்தில், என் பேனாவில்.

சும்மா இருந்திருக்கலாம். மனுவைக் கொடுக்கமாட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். விஜயபாஸ்கர் வேறொன்று எழுதிக் கொடுத்துவிடுவான். எழுத்துப் பிழை இருக்கும், ஆனால் கையெழுத்து பத்து இருக்கும், அது போதும். மணிகண்டனைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த வெயிலைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். வெயிலைப் பற்றிப் பேசினால் போட்டோவைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

அன்று மாலை சொன்னேன். மணிகண்டனும் வரட்டும் என்று ஏழரை வரை காத்திருந்து, எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். தன்மேல் மனு தயாராக இருந்ததே அவனுக்கு அப்போதுதான் தெரியும். ஹெல்மெட்டைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான்.

"வெயிலு சாட்சி சொல்லுதாக்கும்," என்று விஜயபாஸ்கர் சிரித்தான். "நல்லாருக்குண்ணே. கோர்ட்டுல சூரியனைக் கூண்டுல ஏத்திடலாம்."

"சிரிக்காதடா," என்றார் சோலைமுத்து. "ஏம்ப்பா கோபாலு, இந்த ரூமுல நான் ஏழு வருசமாப் படுக்கேன். மூணாம் கட்டிலுக்கு வெயில் வந்து நான் பார்த்ததில்ல."

அதுவும் உண்மை. பகலில் நாங்கள் அறையில் இருப்பதில்லை. இருக்கும் ஒரு வெள்ளிக்கிழமையும் திரையை இழுத்து மூடித் தூங்குவோம்.

"அப்ப வெள்ளிக்கிழமை திரையைத் திறந்து வச்சுப் பார்த்துடுவோம். நீங்களே பாருங்க," என்றேன்.

பதினேழாம் தேதி மதியச் சாப்பாடு முடிந்ததும் திரையைக் கழற்றினோம். யாரும் தூங்கவில்லை. மேல் கட்டில்களில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆறு பேர், கீழே ஆறு பேர். இரண்டே முக்காலுக்கு ஜன்னலுக்கு அடியில் ஒரு சாண் அளவு வெயில் விழுந்தது. மூன்றேகாலுக்கு அது முதல் கட்டிலின் செருப்புகளைத் தாண்டியது. விஜயபாஸ்கர் சாக்பீஸ் எடுத்து அதன் ஓரத்தில் கோடு போட்டான். பத்து நிமிடத்துக்கு ஒரு கோடு. கேலியாகத்தான் தொடங்கினான். நாலைந்து கோட்டுக்குப் பிறகு கேலி நின்றுவிட்டது.

மணிகண்டன் மட்டும் தரையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நாலே காலுக்குத் தொடும்," என்றான், யாரிடமும் இல்லாமல்.

நான்கு பன்னிரண்டுக்கு வெயில் மூன்றாம் கட்டிலின் காலைத் தொட்டது. பிறகு நீலப் பெட்டியின் பக்கம் ஏறியது. அடுப்பு இருந்த இடத்தில், சுவரோரம், நான் போட்டோவில் பார்த்த அதே சாய்வில் வந்து நின்றது. சோலைமுத்து தரையில் முழங்காலிட்டு, கையை அந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பினார். பிறகு மணிகண்டனிடம் போய் அவன் தோளைத் தொட்டார்.

"தப்பு நெனச்சுட்டோம்ப்பா."

மனுவை நான் நாலாகக் கிழித்தேன். யாரோ டீ போடலாம் என்றார்கள், அடுப்பு இல்லை என்பது நினைவுக்கு வந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் விஜயபாஸ்கர் கேட்டான். சாக்பீஸ் இன்னும் அவன் கையில் இருந்தது.

"அது சரி. செவ்வாய்க்கிழமை நாலேகாலுக்குக் கேம்புல யாரு இருப்பா?"

யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. நானே சொன்னேன். "நான் இருப்பேன். தினமும் இருப்பேன். ஆஃபீஸ்ல இருப்பேன், ரூமுக்கு வரமாட்டேன். எடுத்தது ஹெட் ஆஃபீஸ் சேஃப்டி ஆளு. மாஸ்டர் கீ வச்சு வந்திருக்கான்."

"யாரு சொன்னா?"

"சித்தீக்."

"சித்தீக் உங்ககிட்ட சொன்னாரு," என்றான் விஜயபாஸ்கர் மெதுவாக. "போட்டோவும் உங்ககிட்டதான் காட்டுனாரு."

"காட்டலை. மேசையில கிடந்தது."

"கிடந்துச்சு." அவன் தலையாட்டினான். சோலைமுத்து என்னைப் பார்க்கவில்லை. வெயில் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பெட்டியிலிருந்து சுவருக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"இதை நானே கொண்டுவந்து சொல்லியிருக்கேனே. நான்தான்னா சொல்லுவேனா?" என்றேன்.

விஜயபாஸ்கர் சாக்பீஸை ஜன்னல் கட்டையில் வைத்தான். அந்த நியாயம் என் காதுக்கே பலவீனமாகக் கேட்டது. ஒரு வாரத்துக்கு முன் மணிகண்டன் எதைச் சொன்னாலும் என் காதுக்கு இப்படித்தானே கேட்டது.

அடுத்த ஐந்து நாளில் எதுவும் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நான் உள்ளே வந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். ஊறுகாய் பாட்டில் என் பக்கம் வராது. புதன்கிழமை சித்தீக் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். இடது பக்கம் அனுப்புநர், அதற்குக் கீழே பெறுநர், நடுவில் பொருள். என் முறை. எழுத்து விஜயபாஸ்கருடையது. என் பெயரில் ஒரு துணைக்காலை எழுதாமல் விட்டிருந்தான். கீழே பதினொரு கையெழுத்து. எண்ணிப் பார்த்தேன். மணிகண்டனைச் சேர்த்துத்தான் பதினொன்று வந்தது.

"ஒன்பதாம் ரூமில் ஒரு பெட் உண்டு," என்றார் சித்தீக். "டைம்கீப்பர்க்குப் பிரச்சினை ஒண்ணும் வராது." பிறகு, நான் கேட்காமலே, "மணிகண்டன் ரெனியூவல் லிஸ்டில் உண்டு," என்றார்.

இருபத்து நான்காம் தேதி வெள்ளிக்கிழமை காலை நான் கிழக்கு மதிலுக்குப் போனேன். மணிகண்டன் அதே பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்திருந்தான். எழுந்துபோகவில்லை. உட்காருங்கள் என்றும் சொல்லவில்லை. என் நிழல் செடி மேல் விழாமல் தள்ளி உட்கார்ந்தேன்.

"ரெனியூவல் வந்துடுச்சாமே," என்றேன்.

"ஆமாண்ணே." கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். "உங்களாலதான். அது எனக்குத் தெரியும்."

"கையெழுத்துப் போட்டிருந்தியே."

"அந்த ரூமுலதானே நான் படுக்கணும்." துடைத்த துணியை மடித்துப் பைக்குள் வைத்தான். "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்தச் செவ்வாய்க்கிழமை நாலேகால் மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"ஆஃபீஸ்ல."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"சித்தீக்தான் இருந்தார்."

சூரியன் மதிலுக்கு மேல் வந்தது. வெயில் எங்கள் முதுகில் விழுந்து எருக்கஞ்செடி முழுவதும் பரவியது. சிட்டு வந்து உட்கார்ந்தது. கறுப்பாக இருந்தது. பூவில் மூக்கை விட்டது, தலையைத் திருப்பியது, கழுத்து முழுவதும் பச்சையும் ஊதாவுமாகப் பற்றிக்கொண்டது. இந்த முறை அது சட்டென்று திரும்பவில்லை. ஐந்தாறு நொடி அப்படியே இருந்தது.

க்ளிக் சத்தம் வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கேமரா அவன் மடியில் கிடந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு மணிகண்டன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.